பேரு பெத்த பேரு!

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014 ஜனவரி 1 முதல், 21 வயது நிரம்பிய யாரும் கடைக்குப் போய்க் கஞ்சா வாங்கலாம் என்றானது. லைசென்ஸ், பில், வரி எல்லாம் உண்டு. உள்ளே நுழைந்தால் நம்மூர் ஜவுளிக்கடை தோற்றது போங்கள்! 'ப்ளூ ட்ரீம்', 'சோர் டீசல்', 'டர்பன் பாய்சன்' என்று அத்தனை ரகம். கூடவே ஜாதகம் வேறு: இது இத்தனை சதவிகிதம் சடைவா, அது இத்தனை சதவிகிதம் இண்டிகா. சடைவா சுறுசுறுப்பு தரும், இண்டிகா தூங்க வைக்கும் என்பது கடைக்காரர் வாக்கு.

சரி, ஜாதகத்தைக் கணித்தது யார்?

2015-ல் கனடா ஆராய்ச்சியாளர்கள் 81 கஞ்சா மாதிரிகளை டி.என்.ஏ. சோதனை செய்தார்கள். ஜமைக்காவின் 'லாம்ப்ஸ் பிரெட்' நூறு சதவிகிதம் சடைவா என்று பேர் வாங்கிய ரகம். சோதனையில் அது, நூறு சதவிகிதம் இண்டிகா என்று சொல்லப்பட்ட ஓர் ஆஃப்கானிஸ்தான் ரகத்தோடு ஏறக்குறைய அச்சு அசலாகப் பொருந்தியது!

2019-ல் வடக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு. 30 பெயர்கள், 122 மாதிரிகள். பெரும்பாலான பெயர்களில், கூட்டத்தோடு ஒட்டாத ஓர் ஆளாவது இருந்தது.

இதிலென்ன தப்பு என்பீர்கள். ஒட்டு மாங்கன்று வாங்குகிறீர்கள். மல்கோவா என்றால் மல்கோவாதானே காய்க்க வேண்டும்? பெயருள்ள கஞ்சா ரகங்களையும் அப்படித்தான், தாய்ச்செடியிலிருந்து குச்சி வெட்டி வைத்து வளர்க்கிறார்கள். நகல் அச்சாக இருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ எங்கேயோ பெயரை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள்.

ஏன் ஒட்ட மாட்டார்கள்? மாநிலம் அனுமதித்தாலும் மத்திய சட்டத்தில் அது தடைப் பொருள். ஆகவே கஞ்சாவுக்கு டிரேட் மார்க் பதிவு கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். சொந்தக்காரன் இல்லாத பெயர் ஊர்ப் பொதுச்சொத்து. காமர்ஸ் படித்த எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

பெயரின் கதை இன்னும் வேடிக்கை. 1785-ல் லாமார்க் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, இந்தியாவிலிருந்து போன செடியை வைத்து 'இண்டிகா' என்று பெயரிட்டார். பிற்பாடு அந்தப் பெயர் ஆஃப்கானிஸ்தானின் அகல இலைக் குட்டைச் செடிக்குப் போய்விட்டது. லாமார்க் பார்த்த இந்தியச் செடியின் வாரிசுகளைக் கடைக்காரர் 'சடைவா' என்கிறார்!

அப்படியானால் டி.என்.ஏ. சோதனையே கதி என்று நம்பலாமா? அங்கேயும் ஒரு வில்லங்கம். எந்த இரண்டு செடிகள் ஒன்று என்று சோதனை சொல்லும். எது ஒரிஜினல் 'சோர் டீசல்' என்று சொல்லாது. மூலப்பத்திரம் தொலைந்த வீடு மாதிரி. கையில் இருப்பவை ஜெராக்ஸ்கள். அதிகம் பேர் வைத்திருக்கும் ஜெராக்ஸை அசல் என்று எண்ணிக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

பத்திரத்தைப் பார்க்கக் கொடுப்பதிலும் பயம் உண்டு. ஒரிகன் மாநிலத்தின் ஃபைலோஸ் பயோசயின்ஸ் நிறுவனம் 2016-ல் ரகங்களின் வம்சாவளி வரைபடம் வெளியிட்டது. விவசாயிகள் நம்பி மாதிரி அனுப்பினார்கள். 2019-ல், 'நாங்களே புது ரகம் உருவாக்கப்போகிறோம்' என்றது நிறுவனம். விவசாயிகள் கொதித்துப்போனார்கள்.

இதில் உண்மையாக அடிபடுவது நோயாளி. போன மாதம் ஒரு பெயரில் வாங்கியது வலியைக் குறைத்தது என்று அதே பெயரைக் கேட்டு வாங்குகிறார். கைக்கு வருவது வேறு செடி. மருந்துக்கடையில் இப்படி நடந்தால் சும்மா விடுவோமா?

2021-ல் டல்ஹௌசி பல்கலைக்கழக ஆய்வு இன்னொன்று சொன்னது. சடைவா, இண்டிகா லேபிள்கள் வம்சத்தைக் காட்டவில்லை. வாசனை தரும் சில ரசாயனங்களோடு மட்டும் ஓரளவு ஒத்துப்போகின்றன. உள்ளே இருக்கும் சரக்கை அளந்து எழுதினால் போதும், வம்சப் பெருமை வேண்டாம்.

மூக்கு சொன்னதை ஜாதகம் என்று விற்றிருக்கிறார்கள். அதற்குச் சதவிகிதம் வேறு!