பதினாறு பெற்றால் தொகுதி தங்குமா?

2024 அக்டோபரில் சென்னையில் நடந்த ஒரு திருமண விழாவில் முதல்வர் ஸ்டாலின், தொகுதி மறுவரையறை வரப்போகிற சூழலில் பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்று நினைக்கத் தோன்றுகிறது என்ற பொருளில் பேசினார். பாதி வேடிக்கைதான். ஆனால் அப்புறம் டிவி விவாதங்களிலும் வாட்ஸ்அப்பிலும் அது ஒரு தீர்வாகவே மாறிடுச்சு: "நம்ம ஜனத்தொகை குறையுது, நிறைய பெத்துக்கோங்க." இதில் இருக்கிற கவலை நியாயமானது. கணக்குதான் இடிக்குது.

முதல்ல, குறையுதா? மாதிரிப் பதிவுத் திட்டத்தின் (எஸ்.ஆர்.எஸ்.) 2020 அறிக்கைப்படி தமிழ்நாட்டில் ஆயிரம் பேருக்குப் பிறப்பு 13.8, இறப்பு 6.1. வித்தியாசம் 7.7. இதுதான் இயற்கை வளர்ச்சி. ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தை என்று ஆன பிறகும் நாம் கூடிக்கொண்டுதான் இருக்கிறோம். முந்தைய தலைமுறையில் அதிகமாகப் பிறந்தவர்கள் இப்போது பிள்ளை பெறும் வயதில் இருப்பதுதான் காரணம். இதற்கு நேர்மாறு, தெற்கு ஆப்பிரிக்காவின் லெசோத்தோ. 2000களில் அங்கே ஒரு பெண்ணுக்கு 3 குழந்தைக்கு மேல். ஆனாலும் எச்.ஐ.வி. மரணங்கள் இயற்கை வளர்ச்சியைத் தின்றுவிட்டன. பிறப்பை மட்டும் பார்த்தால் இரண்டு ஊரிலுமே விடை தப்பாக வரும்.

இன்னொரு பாதி, வந்து சேர்கிறவர்கள். 2001-ல் தமிழ்நாடு 6.24 கோடி, 2011-ல் 7.21 கோடி. 97 லட்சம் கூடியிருக்கு. அந்தப் பத்தாண்டில் இயற்கை வளர்ச்சி ஆயிரத்துக்குச் சுமார் 10. அதை வைத்துக் கூட்டினால் 65 லட்சம்தான் வரும். மீதி 32 லட்சம்? 2001 கணக்கெடுப்பில் விடுபட்டவர்கள் கொஞ்சம் இருக்கலாம். மற்றபடி வெளியிலிருந்து வந்தவர்களைத் தவிர வேறு வழியில்லை. அதே பத்தாண்டில் காஞ்சிபுரம் மாவட்டம் 38 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளும் ஓ.எம்.ஆரும் அங்கேதான். பிரசவ வார்டு அந்தக் கணக்கைக் காட்டாது.

எங்கள் காலடிப்பேட்டையே இப்படி வந்ததுதான். 1717 முதல் 1720 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய காலெட்பேட்டை, வாயில் தேய்ந்து காலடிப்பேட்டை ஆனது.

இப்போ தொகுதிக்கு வருவோம். அடுத்த கணக்கெடுப்பு 2027-ல். இங்கே ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. எல்லோரும் பேச்சைக் கேட்டு 10 சதவீதம் கூடுதலாகப் பெற்றாலும், இரண்டு ஆண்டில் 2 லட்சம். ஏழரைக் கோடியில் அது 0.3 சதவீதம்கூட இல்லை. பீகார் 2001-2011-ல் மட்டும் 25 சதவீதம் வளர்ந்தது. இந்த ஓட்டத்தில் பிள்ளை பெற்று ஜெயிக்க முடியாது.

1976 முதல் தொகுதிப் பங்கீடு 1971 மக்கள்தொகையில் நிற்பதே அரசியல் முடிவால்தான். இனி என்ன ஆகும் என்பதும் நாடாளுமன்றத்தில் தீர வேண்டியது. அதைப் பெண்களின் கர்ப்பப்பையில் தள்ளிவிடுவது நியாயமில்லை.

கடைசியா ஒண்ணு. கணக்கெடுப்பில் தலை எண்ணப்படுவது வசிக்கும் ஊரில். எண்ணூரிலும் மணலியிலும் வேலை செய்கிற பீகார், ஒடிசா தொழிலாளியை இங்கே விடாமல் எண்ணினால் அவரும் தமிழ்நாட்டின் கணக்குதான். "ஜனம் குறையுது" என்று கவலைப்படுகிற அதே வாய் "வடக்கன் வந்துட்டான்" என்றும் சொல்லுது. ரெண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாது.