பூஜ்யத்தில் 20 சதவீதம்

மதுரை கோரிப்பாளையத்தில் டீக்கடை வைத்திருப்பவருக்கு வியாபாரம் மூன்று பக்கமிருந்து வரும். ராஜாஜி ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு வெளியே காத்துக் கிடக்கிற கிராமத்துச் சனம், தர்காவுக்கு வருகிறவர்கள், அமெரிக்கன் கல்லூரிக்கும் மீனாட்சி கல்லூரிக்கும் போகிற பிள்ளைகள். 2020 மார்ச்சில் கல்லூரிகள் ஒரு வாரம் முந்தியே மூடிவிட்டன. 24ஆம் தேதி மாலை 6 மணிக்கு 144 தடை உத்தரவோடு ஊரடங்கு வந்ததும் மிச்சமும் போயிற்று.

அந்த ஊரடங்கே தேவையில்லை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாட்டின் முதல் கொரோனா சாவு மறுநாளே இதே ராஜாஜி ஆஸ்பத்திரியில்தான் நடந்தது. ஜூன் 24 முதல் ஜூலை 14 வரை மதுரைக்கென்று தனியாகப் போட்ட முழு ஊரடங்குக்கும் காரணம் இருந்தது. தென்மாவட்டங்கள் நம்பியிருக்கும் ஆஸ்பத்திரியில் கட்டில் நிரம்பினால் அடுத்து போக இடமில்லை.

இன்னொரு வாதத்தைக் கவனமாக எடைபோட வேண்டும். உத்தரவே இல்லாவிட்டாலும் பயத்தில் யாரும் கடைக்கு வந்திருக்க மாட்டார்கள் என்பது அது. அமெரிக்காவில் கூல்ஸ்பீ, சைவர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் செல்போன் தரவுகளை வைத்து இதை அளந்தார்கள். கடைகளுக்குப் போவோர் எண்ணிக்கை 60 சதவீதம் குறைந்தது, அதில் அரசு உத்தரவின் பங்கு வெறும் 7 புள்ளிதான் என்று கண்டார்கள். வலுவான ஆய்வு. ஆனால் அது அப்படியே இங்கே பொருந்தாது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவர் ஆசைப்பட்டு வெளியே வந்தவர் இல்லை. பயம் இருந்தாலும் அவர் வந்தே ஆக வேண்டும், வந்தால் டீயும் இட்லியும் வேண்டும். அவரை நிறுத்தியது பஸ் ஓடாததுதான். பஸ்ஸை நிறுத்தியது அரசு. பயத்தின் பங்கை நான் மறுக்கவில்லை. இந்தத் தெருவில் உத்தரவின் பங்கு அதைவிடப் பெரிது என்கிறேன்.

காலமும் சேர்ந்து அடித்தது. சித்திரைத் திருவிழாவும் ரமலான் மாதமும் அந்த ஆண்டு ஊரடங்குக்குள்ளேயே விழுந்தன. மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் சில பட்டர்களோடு கோயிலுக்குள் நடந்தது. அழகர் ஆற்றில் இறங்கவில்லை. அடுத்த ஆண்டும் இறங்கவில்லை. தண்ணீர் பீய்ச்சும் தோல்பை, விசிறி, பலூன் விற்கிறவர்களுக்கு அந்தச் சில நாள் வருமானம்தான் பல மாதச் செலவு. கடன் வாங்கிப் போட்ட சரக்கு மூட்டையிலேயே கிடந்தது.

இதற்கு அரசு என்ன கொடுத்தது? ஊரடங்கு சரியா தவறா என்பதைவிட இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியம். 2020 மே மாதம் மத்திய அரசு அறிவித்த 3 லட்சம் கோடி அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில், பிப்ரவரி 29 அன்று ஒருவருக்கு இருந்த கடன் பாக்கியில் 20 சதவீதம் புதுக்கடனாகக் கிடைத்தது. வங்கி வட்டி 9.25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது. நல்ல வட்டிதான். ஆனால் வங்கியில் கடனே வாங்காதவருக்கு? பூஜ்யத்தில் 20 சதவீதம் பூஜ்யம். தள்ளுவண்டிக்காரருக்கு ஸ்வநிதி என்ற கடன் திட்டத்தில் 10,000 ரூபாய் வழியிருந்தது. வாடகைக்குக் கடை பிடித்திருக்கிற டீக்கடைக்காரர் அதற்குள்ளும் வரமாட்டார்.

அவருடைய கடன் தண்டல் அட்டையில் இருக்கிறது. 10,000 கேட்டால் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். அட்டையில் நூறு கட்டம், கட்டத்துக்கு நூறு ரூபாய், சாயங்காலம் வண்டியில் வந்து வசூலித்துவிட்டுக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுப் போவார்கள். அசல் தினமும் குறைவதைக் கணக்கில் எடுத்தால் வட்டி ஆண்டுக்கு 100 சதவீதத்தைத் தாண்டும். அறுபதாவது கட்டத்தில் ஊரடங்கு வந்தவருக்கு மிச்சம் 4,000 ரூபாய். ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் 31 வரை கொடுத்த தவணைத் தள்ளிவைப்பு இந்த அட்டைக்குச் செல்லாது. கடை வாடகையோ அட்வான்ஸில் கழிந்துகொண்டிருந்தது.

மாநில அரசு அரிசி அட்டைக்கு 2020 ஏப்ரலில் 1,000, ஜூன் ஊரடங்கின்போது மதுரைக்கு இன்னொரு 1,000, 2021இல் இரு தவணையாக 4,000 கொடுத்தது. அது அடுப்பெரிய உதவியது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கடை நிற்பதற்கு அது போதாது. வேறு வழியே இல்லையா என்றால், சிங்கப்பூர் 2020 ஜூனில் சட்டத்தைத் திருத்தி, வணிக இடங்களில் இருந்த தகுதியுள்ள சிறு நிறுவனங்களுக்கு நான்கு மாத வாடகை வரை தள்ளுபடி செய்தது. சுமையை அரசும் கட்டட உரிமையாளரும் பகிர்ந்துகொண்டார்கள். அது பணக்கார நாடுதான், ஆனால் கடைக்காரருக்கு எது பாரம் என்று பார்த்துச் செய்தது.

என் தீர்ப்பு இதுதான்: கடையை மூடச் சொன்னதில் நியாயம் இருந்தது. ஊருக்காக மூடியவரிடம் நட்ட ஈட்டுக்குப் பதில் கடனை நீட்டியது தவறு, அதையும் ஏற்கெனவே வங்கிக் கடன் வாங்கியவருக்கே நீட்டியது பெரிய அநியாயம். 2021 மே மாதம் மறுபடி ஷட்டரை இறக்கச் சொன்னபோதும் இது மாறவில்லை. அந்த ஜூலை 2 அன்று சில்லறை வியாபாரிகளையும் குறு, சிறு தொழில் பட்டியலில் சேர்ப்பதாக மத்திய அரசு அறிவித்தது. முன்னுரிமைக் கடன் பெறுவதற்கு மட்டும்.