ஆயிரமும் ஆழமும்

பள்ளிக்கூடத்தை வைத்துக் கதை எழுதுவது சுலபம் என்று நினைப்பவர்கள் உண்டு. எல்லோரும் போய் வந்த இடந்தானே! மணி அடிக்கும், பரீட்சை வரும், ஒரு நல்ல வாத்தியாரும் ஒரு கடுகடுத்த வாத்தியாரும் இருப்பார்கள், மாங்காய் மரம் ஒன்று கட்டாயம் இருக்கும். இவ்வளவு சௌகரியங்கள் இருந்தும், இப்படி எழுதப்பட்ட கதைகளில் பெரும்பாலானவற்றில் பள்ளிக்கூடம் இருக்கிறதே தவிர, அதில் படிக்கிற குழந்தை இல்லை. பெரியவர்களின் ஞாபகந்தான் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, பள்ளிக்கூடம் ஒரே ஒரு நிமிஷம் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடுகிற மாயக் கதை ஒன்றில், படிக்கிற குழந்தையின் மனசு முழுவதும் இருப்பதை நான் கண்டேன். அது ஒரு சித்திரப் படம். ஜப்பானியர்கள் ‘அனிமே’ என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது.

பதினோராம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி எழுதிய நாலைந்து பக்கங்கள் சமீபத்தில் என் பார்வைக்கு வந்தன. முதல் பாதி அவளுடைய பள்ளிக்கூடத்தைப் பற்றியது. மார்க்கு வரிசைப்படி உட்கார வைப்பது, பெயருக்குப் பதிலாக நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவது, கூடவே இருந்த தோழியை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டது - இவற்றையெல்லாம் புகார் மாதிரி இல்லாமல், மழை பெய்தது, வெயில் அடித்தது என்று சொல்வது போலச் சொல்லிக்கொண்டு போகிறாள். இரண்டாம் பாதி அவளுக்கு மிகவும் பிடித்த அனிமேயைப் பற்றியது. அதை ஏழு தடவை பார்த்தாளாம். கடைசியில் ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறாள்: அந்த நேரத்தில் பாடம் படித்திருக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்களாம், அது நியாயந்தானாம்.

இரண்டு பாதிகளுக்கும் நடுவே பேனாவால் நீளமாக ஒரு கோடு கிழித்திருந்தாள். அந்தக் கோடு அங்கே இருக்க வேண்டியதில்லை என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

அவளுக்குப் பிடித்த படம் 2001-ஆம் வருஷம் ஜூலை மாதம் ஜப்பானில் வெளிவந்தது. ‘ஸ்பிரிட்டட் அவே’ என்ற இங்கிலீஷ்ப் பெயரில் உலகம் அதை அறியும். எழுதி இயக்கியவர் 1941-இல் பிறந்த ஹயாவோ மியாசாகி. 2002-இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடிப் பரிசையும், 2003-இல் ஆஸ்கார் பரிசையும் அது பெற்றது. 2020 வரையில் ஜப்பானில் வேறு எந்தப் படமும் அதன் வசூலைத் தாண்டவில்லை. பரிசும் வசூலும் ஒரு படைப்பின் தராதரத்துக்குச் சாட்சியாகிவிட மாட்டா. ஆனாலும், ‘குழந்தைகள் சமாசாரந்தானே’ என்று கையை உதறுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பத்து வயதுப் பெண் குழந்தைகளை மனத்தில் வைத்துக்கொண்டே மியாசாகி இந்தப் படத்தைச் செய்தார். கதாநாயகிக்கும் வயது பத்துத்தான். அழகி அல்ல, சூட்டிகை அல்ல, தைரியசாலியும் அல்ல. சிடுசிடுப்பும் சோம்பலும் உள்ள சாதாரணப் பெண். பெயர் சிஹிரோ.

கதை ஒரு காரில் தொடங்குகிறது. தகப்பனாரும் தாயாரும் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். சிஹிரோ பின்னால் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில் படுத்துக் கிடக்கிறாள். குடும்பம் ஊர் மாறிப் போகிறது. அவள் கையில் ஒரு பூங்கொத்து. பழைய பள்ளிக்கூடத்துத் தோழி கொடுத்தது, ஒரு வாழ்த்து அட்டையுடன். வாழ்க்கையில் முதன்முதலில் கிடைத்த பூங்கொத்து பிரிவுக்கு என்று வந்ததே என்று அவளுக்கு வருத்தம். பூவும் வாடிக்கொண்டிருக்கிறது. வழியில் தகப்பனார் புதுப் பள்ளிக்கூடத்தைக் காட்டுகிறார். அவள் அதைப் பார்த்து நாக்கைத் துருத்துகிறாள். படத்தில் பள்ளிக்கூடம் வருவது அவ்வளவுதான்.

பிறகு வழி தவறிப்போகிறது. ஒரு சுரங்க வழி. அதற்கு அப்பால் யாருமில்லாத கடைத்தெரு. கேட்பாரில்லாமல் வைத்திருக்கும் பலகாரங்களை வாரித் தின்ற பெற்றோர்கள் பன்றிகளாகி விடுகிறார்கள். பொழுது சாய்ந்ததும் அந்த இடம் தேவதைகளும் பூதங்களும் குளிக்க வருகிற பிரம்மாண்டமான ஸ்நான விடுதியாகிவிடுகிறது. அதன் எஜமானி யுபாபா என்ற சூனியக்காரி. வேலை கேட்டு வாங்கிக்கொள்ளாதவர்களுக்கு அங்கே இடமில்லை, மிருகமாக்கி விடுவாள். சிஹிரோ போய் வேலை கேட்கிறாள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறாள். யுபாபா கையை நீட்டியதும் காகிதத்திலிருந்து பெயரின் எழுத்துகள் எழும்பி அவள் கைக்குள் போய்விடுகின்றன. ஒரே ஓர் எழுத்துத்தான் மிச்சம். “இனி உன் பெயர் சென்” என்று தீர்ந்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஜப்பானிய எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ‘சிஹிரோ’ என்ற பெயரில் இரண்டு எழுத்துகள். முதல் எழுத்துக்கு ஆயிரம் என்று பொருள். இரண்டாவது, கடலின் ஆழத்தை அளக்கிற அளவு. நம் மீன்பிடிக்கிறவர்கள் ‘பாகம்’ என்கிறார்களே, இரண்டு கையையும் விரித்து அளக்கிற அளவு, அது மாதிரி. ஆயிரம் பாக ஆழம் - அதுதான் அந்தச் சின்னப் பெண்ணின் பெயர். யுபாபா எடுத்துக்கொண்டது ஆழத்தை; விட்டு வைத்தது எண்ணை. தனியே நின்ற முதல் எழுத்தைச் ‘சென்’ என்று படிப்பார்கள். அதாவது, பெயராக இருந்த குழந்தை நம்பராகிவிட்டாள்.

நாலு பக்கம் எழுதிய அந்தப் பெண்ணுக்கு ஜப்பானிய பாஷை தெரிந்திருக்க நியாயமில்லை. எழுத்தின் பொருள் தெரியாமலே அவள் இந்தக் காட்சியைத்தான் படத்தில் மிகவும் பயங்கரமானது என்று எழுதியிருக்கிறாள். பன்றிகள் அல்ல, பூதங்கள் அல்ல, காகிதத்திலிருந்து எழுத்துகள் எழும்பிப் போவதுதான் பயமாம்! தன்னை வகுப்பில் நம்பரால் கூப்பிடுகிறார்கள் என்று இரண்டு பக்கத்துக்கு முன்னால் எழுதியது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. கோடு கிழித்தாகி விட்டதல்லவா?

அந்த ஸ்நான விடுதியைச் சற்று உற்றுப் பாருங்கள். புதிதாக வந்த பெண்ணை எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுக்குகிறார்கள். ‘லின்’ என்ற மூத்தவள் அவளைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டு, கூப்பிட்டால் பதில் சொல்லவும், உதவி செய்த கிழவருக்கு நன்றி சொல்லவும் அதட்டிக் கற்றுக்கொடுக்கிறாள். அடுப்படியில் கரிக்கட்டி சுமக்கிற குட்டிப் புகைக்கரிப் பூதங்கள் இருக்கின்றன. ஒன்றின் சுமையைச் சிஹிரோ வாங்கிக்கொண்டதைப் பார்த்ததும் மற்றவையெல்லாம் நசுங்கி விழுந்தது போல் பாசாங்கு செய்கின்றன. எந்த வகுப்பில் இந்தக் கூட்டம் இல்லை! ஈரத் துணியைத் தரையில் அழுத்திக்கொண்டு, குனிந்தபடி வரிசையாக ஓடித் தரை துடைக்கிற காட்சியும் வருகிறது. மற்றவர்கள் போய்விட, சிஹிரோ பின்தங்கி விடுகிறாள். ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வகுப்பறையைத் தாங்களே சுத்தம் செய்வது வழக்கம். தரை துடைப்பது இப்படித்தான். அந்த நாட்டுக் குழந்தைக்கு இது மாயலோகம் அல்ல, நேற்று மத்தியானம்.

ஆகவே, சிஹிரோ பள்ளிக்கூடத்திலிருந்து தப்பித்துக்கொண்டு மாயலோகத்துக்குப் போகவில்லை. நாக்கைத் துருத்திக் காட்டினாளே, அந்தப் புதுப் பள்ளிக்கூடத்துக்குள்தான் வேறு வாசல் வழியாகப் போயிருக்கிறாள்.

இவ்வளவோடு நின்றிருந்தால், பள்ளிக்கூடத்தைச் சூனியக்காரியின் வீடு என்று திட்டுகிற கதையாகப் போயிருக்கும். திட்டுவது எளிது. மியாசாகி அதற்கு மேலே போகிறார். மறுநாள் காலையில் ஹாக்கு என்ற பையன் அவளுடைய பழைய உடுப்பை ஒளித்து வைத்திருந்து திருப்பிக் கொடுக்கிறான். உடுப்போடு தோழி எழுதிய அந்த அட்டையும் இருக்கிறது. அட்டையில் ‘சிஹிரோ’ என்று எழுதியிருப்பதைப் படித்த பிறகுதான் தன் பெயர் தனக்கே மறந்து போக இருந்தது அவளுக்குத் தெரிகிறது. பெயரை மறந்தால் வீடு திரும்ப வழியில்லை என்று எச்சரிக்கிறான் பையன். அவன் பெயர் அவனுக்கே மறந்து போய்விட்டது. பிறகு அவன் கொடுத்த சோற்று உருண்டையைத் தின்றுகொண்டே அவள் முதல் தடவையாக வாய்விட்டு அழுகிறாள்.

இந்தக் காட்சியின் நுட்பம் இதுதான்: பெயரைக் காப்பாற்றியது தாய் தகப்பன் அல்ல, மந்திரம் அல்ல, பழைய பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமியின் கையெழுத்து. நம்மை எண்ணாக மாற்றுகிற இடமும் பள்ளிக்கூடந்தான்; எண்ணாகி விடாமல் நம் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்கிற ஒருத்தியைத் தருகிற இடமும் அதுதான். வேறு பிரிவுக்குப் போய்விட்ட தோழியைப் பற்றி இரண்டே வரிதான் எழுதியிருக்கிறாள் நம் மாணவி. அந்த இரண்டு வரியும் இந்த அட்டையும் ஒன்று என்று யாராவது அவளுக்குச் சொல்ல வேண்டும்.

கடைசியில் பரீட்சை வருகிறது. ஒரு பன்றி மந்தையைக் காட்டி, “இதில் உன் பெற்றோர் எவை?” என்கிறாள் யுபாபா. சிஹிரோ பார்த்துவிட்டு, இவற்றில் இல்லை என்கிறாள். அதுதான் சரியான விடை. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று படம் விளக்கவில்லை. இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நாவலாசிரியன் என்ற முறையில் எனக்கும் இப்படிப்பட்ட இடங்களில் சந்தேகம் எழுவது இயற்கை. காரணம் காட்டாமல் ஜயிக்கிற பாத்திரத்தை நான் எளிதில் நம்புவதில்லை. ஆனால் காரணம் முன்னாலேயே இருக்கிறது. முதல் நாள் பன்றித் தொழுவத்தில் நின்ற பெண்ணையும், நாற்றம் பிடித்த விருந்தாளியின் உடம்பில் குத்தியிருந்ததைப் பிடித்து இழுத்து, சைக்கிளும் குப்பையுமாக வெளியே கொட்டவைத்து, அது ஒரு நதி தேவதை என்று கண்ட பெண்ணையும் நாம் அடுத்தடுத்துப் பார்த்திருக்கிறோம். மேலே தெரிவதற்குள் வேறொன்று இருக்கும் என்றும், உள்ளே இல்லாததை இல்லை என்று சொல்லலாம் என்றும் அவள் வேலை செய்து படித்திருக்கிறாள். கேள்வியே பிழை என்று பதில் எழுதுகிற தைரியம் எத்தனை மாணவர்களுக்கு உண்டு? அப்படி எழுதினால் மார்க்குப் போடுகிற பள்ளிக்கூடந்தான் எத்தனை?

உண்மையான குறை ஒன்றைச் சொல்லலாம். அது மியாசாகி செய்தது அல்ல. இங்கிலீஷில் பேசவைத்தவர்கள், காரில் திரும்பிப் போகும்போது தகப்பனார் புது வீடு, புதுப் பள்ளிக்கூடம் என்று ஏதோ கேட்பதாகவும், மகள் சமாளித்துக்கொள்வேன் என்று பதில் சொல்வதாகவும் இரண்டு வாக்கியம் சேர்த்துவிட்டார்கள். ஜப்பானிய மூலத்தில் அந்தப் பேச்சே இல்லை. கதையின் நீதியை வாசகன் சட்டைப்பையில் திணித்து அனுப்புகிற இந்த ஆசை எல்லா நாட்டிலும் இருக்கிறது. மூலத்தில் நடப்பது வேறு. சுரங்க வழியில் திரும்பும்போது சிஹிரோ, வந்தபோது பிடித்துக்கொண்டது போலவே தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒட்டி ஒட்டி நடக்கிறாள். தாயாரும் முன்பு போலவே அலுத்துக்கொள்கிறாள். ஒன்றும் மாறவில்லை போல் இருக்கிறது. தலைமுடியைக் கட்டியிருக்கும் கயிறு மட்டும் ஒரு தடவை மின்னுகிறது. அங்கிருந்த சிநேகிதர்கள் கூடித் திரித்துக் கொடுத்த கயிறு அது. வளர்ச்சி என்பது இப்படித்தான் வருகிறது. வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவதே இல்லை.

மியாசாகிக்கு இது தற்செயலாக வந்தது அல்ல என்பதற்கு 2023-இல் அவர் செய்த ‘தி பாய் அண்ட் தி ஹெரான்’ என்ற படத்தைச் சாட்சியாகக் காட்டலாம். யுத்த காலத்தில் தாயைத் தீயில் பறிகொடுத்த மஹித்தோ என்ற பையன் கிராமத்துக்கு வருகிறான். தகப்பனாரின் காரில் பள்ளிக்கூடம் போய் இறங்குகிறான், பையன்களோடு சண்டை. தனியாக வீடு திரும்பும் வழியில் ஒரு கல்லை எடுத்துத் தன் தலையில் தானே அடித்துக்கொள்கிறான். யார் அடித்தார்கள் என்று தகப்பனார் துள்ளுகிறார். இதிலும் பள்ளிக்கூடம் ஒரே ஒரு நாள்தான் வருகிறது. எத்தனையோ மாயங்களுக்குப் பிறகு, மாசற்ற ஓர் உலகத்தைக் கட்டி ஆளும்படி அவனை அழைக்கிறார்கள். அந்தத் தழும்பைத் தொட்டுக் காட்டி, இது என்னிடமுள்ள கெடுதலின் அடையாளம் என்று மறுத்துவிட்டு, சிநேகிதர்களைத் தேடிக்கொள்ளத் தன் உலகத்துக்கே திரும்புகிறான். பையன் பள்ளிக்கூடத்தில் சொல்ல முடியாததைச் சொல்வதற்கு அவ்வளவு பெரிய மாயலோகம் வேண்டியிருக்கிறது.

மாயக் கதையில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளைகளை, தப்பித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் என்று நாம் சொல்கிறோம். மட்டமான கதைகளைப் பற்றி அப்படிச் சொல்லலாம், அவை ஏராளம். எதிரியை அடிப்பதும் பலத்தைக் கூட்டுவதுமாகப் போகும் அந்த வகை, மார்க்குப் பட்டியலுக்கு வேறு வர்ணம் பூசிக் காட்டுவதுதான். நல்ல கதை குழந்தையை ஓடவிடுவதில்லை. அவளுடைய பயத்துக்கு ஓர் உருவமும் ஓர் இடமும் கொடுத்து, கையில் ஈரத் துணியையும் கொடுத்துவிடுகிறது. ஏழு தடவை பார்க்கிற பெண் பொழுதைப் போக்கவில்லை. தன்னிடம் இருக்கிற ஏதோ ஒன்றை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஜப்பானில் புதிதாகச் சேர்கிற மாணவர்கள் முதல் நாள் வகுப்பின் முன்னால் நின்று தங்கள் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்வார்கள். சிஹிரோவுக்கும் அந்த நாள் வரும். படம் அதைக் காட்டவில்லை; காட்டவும் வேண்டியதில்லை. முகந்தெரியாத முப்பது குழந்தைகளுக்கு எதிரில் நின்று அவள் தன் பெயரை முழுசாகச் சொல்லப்போகிறாள். அதைச் சொல்வதற்குத்தான் இரண்டு மணி நேரமாகத் தயாராகிக்கொண்டிருந்தாள்.