கொடையும் துணிமுதலும்

புதிய தொழில்களை நம்பிப் பணமிடும் துணிகர முதலீட்டாளரிடம் அறக்கட்டளைகள் கற்க வேண்டிய பாடங்கள் உண்டு என்று, 1997-ஆம் ஆண்டில் ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ’ என்னும் அமெரிக்க இதழில் கிறிஸ்டின் லெட்ஸ், வில்லியம் ரையன், ஆலன் கிராஸ்மன் ஆகிய மூவர் ஒரு கட்டுரை எழுதினர். அதே ஆண்டில் சியாட்டில் நகரில், ‘பேஜ்மேக்கர்’ மென்பொருளை வெளியிட்ட ஆல்டஸ் நிறுவனத்தின் நிறுவனர் பால் பிரெயினர்ட், ‘சோஷியல் வென்ச்சர் பார்ட்னர்ஸ்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஒரு தொகையைப் பொதுவில் சேர்ப்பர். உள்ளூர்த் தொண்டு நிறுவனங்கள் சிலவற்றைத் தேர்ந்து, பல ஆண்டுகள் பணம் தருவதோடு, கணக்கு, நிர்வாகம் முதலியவற்றில் தம் உழைப்பையும் தருவர்.

அறக்கட்டளைகள் ஒரு திட்டத்துக்குச் சிறிது காலம் பணம் தந்து விலகிவிடுகின்றன. அதை நடத்தும் நிறுவனத்தின் உறுதியைக் கவனிப்பதில்லை என்பது அம்மூவரின் குற்றச்சாட்டு. இது முற்றிலும் நியாயமானதே. பள்ளிக்குக் கட்டடம் எழுப்பித் தருவோர் பலர். ஆசிரியரின் மாதச் சம்பளத்துக்குத் தருவோர் எத்தனை பேர்? கல்வெட்டில் பெயர் பொறிக்க வழியில்லாத செலவுகள்தாம் ஒரு நிறுவனத்தை வாழவைக்கின்றன.

ஆயினும், இந்த உவமை முழுதும் பொருந்துமா? துணிகர முதலீட்டாளர் பத்துத் தொழில்களில் பணமிடும்போது, பல வீழும் என்பதை அறிந்தே இடுகிறார். ஒன்றிரண்டின் பெருவெற்றி மற்றவற்றின் இழப்பை ஈடுசெய்துவிடும். அறத்தில் இக்கணக்குச் செல்லாது. ஓர் ஊரின் மருத்துவமனை செழித்தது என்பதால், மூடப்பட்ட அநாதை இல்லத்துப் பிள்ளைகளுக்கு என்ன ஈடு? மேலும், முதலீட்டாளர் தம் பங்கை விற்று வெளியேறச் சந்தை உண்டு. முதியோர் இல்லத்தின் பங்கை வாங்க யார் வருவார்?

முதலிடுவோர் இழப்பை ஏற்கும் முறை நமக்குப் புதியதன்று. முளாரபாவில் இலாபத்தை இருவரும் பகிர்வர்; உழைப்பவரின் தவறின்றி நேரும் முதலிழப்பை முதல் கொடுத்தவரே தாங்குவார். ஆனால் அது வணிகத்தின் நெறி. ஜகாத்தோ பெறுபவரின் உரிமை. வக்ஃபோ நிலைத்து நிற்க வேண்டியது. பணம் தந்தவர் நிர்வாகக் குழுவிலும் அமர்ந்து, வெற்றி எது என்பதையும் தாமே வரையறுத்தால், பெறுபவரின் உரிமை கொடுப்பவரின் தயவாகக் குறுகிவிடும்.

ஆகவே, அவர்களுடைய பொறுமையையும் உடனுழைப்பையும் நம் ஊர் அறநிலையங்கள் தயங்காமல் ஏற்கலாம். பயனை அளப்பதும் தேவையே. ஆனால் அந்த அளவுகோலை வகுக்கும்போது, உதவி பெறும் விதவையின் குரலும் சபையில் ஒலிக்க வேண்டும். அதற்கான இடம் துணிமுதலின் ஏட்டில் இல்லை. நாம்தாம் அதை எழுதிச் சேர்க்க வேண்டும்.