ஆள்காட்டி விரலின் கலை

பிராக்டிகல் ஷூட்டிங் போட்டியை முதன்முதலாகப் பார்ப்பவரின் கண் துப்பாக்கியின் மேல் போகும். அப்புறம் சத்தம், அப்புறம் ஓட்டம். பார்த்துப் பழகிய ரசிகர் இவற்றில் எதையும் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார். அவர் பார்ப்பது சுடுபவரின் ஆள்காட்டி விரலை. சுடும் நேரத்தில் மட்டுமே அது விசையின் மேல் இருக்கலாம். சுடாமல் இடம் மாறும்போதும், மேகசின் மாற்றும்போதும், சிக்கிய தோட்டாவை எடுக்கும்போதும் அது விசைக் காப்பு வளையத்துக்கு வெளியே வந்தாக வேண்டும். பதினாறு வினாடியில் முப்பத்திரண்டு முறை சுட்டுவிட்டு ஓடுகிறவரின் கையில், அந்தக் களேபரத்துக்கு நடுவே, அந்த ஒரு விரல் மட்டும் அவசரமே இல்லாமல் உள்ளே போய் வெளியே வருகிறது. என்னை இந்த விளையாட்டின் பக்கம் இழுத்தது அதுதான்.

நமக்குப் பழக்கமான துப்பாக்கி சுடுதல் ஒலிம்பிக் சுடுதல். 2024இல் பாரிஸில் மனு பாக்கர் வென்ற இரண்டு வெண்கலமும் பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் வந்தவை. அங்கே எல்லோருக்கும் ஒரே தூரம், ஒரே இலக்கு, ஒற்றைக் கை. அசையாமல் நிற்பதே திறமை. பிராக்டிகல் ஷூட்டிங்கில் ஒவ்வொரு ஸ்டேஜும் புதிது. பலகைச் சுவர்கள், அவற்றில் வெட்டிய ஜன்னல்கள், பீப்பாய்கள், திறந்தால் இலக்கை ஆடவிடும் கதவு, அட்டை இலக்குகள், பட்டால் சாய்கிற இரும்புத் தகடுகள். நடுவில் சில வெள்ளை அட்டைகள்; அவற்றின் மேல் பட்டால் பத்துப் புள்ளி போய்விடும். எங்கே நின்று, எதை முதலில் சுட்டு, எங்கே மேகசின் மாற்றுவது என்பதெல்லாம் போட்டியாளரின் சொந்த விஷயம். சுடுவதற்கு முன் சில நிமிடங்கள் ஸ்டேஜை நடந்து பார்க்க விடுவார்கள். அப்போது பத்துப் பதினைந்து பெரிய மனிதர்கள் வெறும் விரலைத் துப்பாக்கியாக நீட்டிக்கொண்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டு, குறுக்கும் நெடுக்கும் நடப்பார்கள். சிரிப்பு வரும். ஆனால் போட்டியில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

இது பிறந்த இடம் கலிபோர்னியா மலைகளில் உள்ள பிக் பேர் லேக். 1950களில் அங்கே ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் மரீன் அதிகாரி, உறையிலிருந்து உருவிச் சுடும் போட்டிகளை நடத்தினார். வந்தவர்களில் பலர் சினிமா கௌபாய் பாணியில் இடுப்போடு வைத்துச் சுட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஷெரிஃப் துறையில் வேலை பார்த்த ஜாக் வீவர் மட்டும் இரண்டு கையாலும் பிடித்து, கண்மட்டத்துக்கு உயர்த்தி, குறி பார்த்துச் சுட்டார். உயர்த்துவதில் கொஞ்சம் நேரம் போனாலும் அவர் சுட்டது பட்டது. அந்த நிலைக்கு இன்றும் அவர் பெயர்தான். 1976 மே மாதம் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் கூடி, ஐ.பி.எஸ்.சி. என்ற உலகக் கூட்டமைப்பைத் தொடங்கியபோது கூப்பரே முதல் தலைவர். லத்தீனில் மூன்று சொற்களைக் குறிக்கோளாக வைத்தார்கள்: துல்லியம், வலு, வேகம். 1980களின் தொடக்கத்தில் ராப் லேதமும் பிரையன் ஈனோஸும் வீவர் நிலையை விட்டு, இரண்டு கைகளையும் சமமாக நீட்டி நேர்முகமாக நின்று சுட ஆரம்பித்தார்கள். எதிர்விசை நேர் மேலே எழுந்து நேர் கீழே இறங்கியது. இன்று மேல்மட்டத்தில் ஏறக்குறைய எல்லோரும் நிற்பது அப்படித்தான்.

அந்த மூன்று சொல்லையும் ஒரே வகுத்தலுக்குள் அடக்கியதுதான் இந்த விளையாட்டின் பெரிய சாமர்த்தியம். எடுத்த புள்ளியை எடுத்துக்கொண்ட வினாடியால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண்ணுக்கு ஹிட் ஃபேக்டர் என்று பெயர். அட்டையின் நடுப்பகுதியான ‘ஏ’யில் பட்டால் ஐந்து புள்ளி. பதினாறு அட்டை, ஒவ்வொன்றிலும் இரண்டு தோட்டா என்றால் முழுப் புள்ளி 160. ஒருவர் முழுப் புள்ளியும் எடுத்து 16 வினாடியில் முடிக்கிறார், அவருக்கு 10. அடுத்தவர் ஐந்து தோட்டாவை நடுவிலிருந்து நழுவவிட்டு 150 எடுக்கிறார், ஆனால் பதினான்கரை வினாடி, அவருக்கு 10.34. மூன்றாமவர் 14 வினாடியில் பறந்துவிட்டார், ஆனால் இரண்டு தோட்டா அட்டையிலேயே இல்லை. வராத புள்ளியும் அபராதமும் சேர்ந்து முப்பது போக 130; அவருக்கு 9.29தான். முழுப் புள்ளிக்காரர் இரண்டாமிடம், மிக வேகமானவர் கடைசி.

இதற்குள் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஹிட் ஃபேக்டர் 10 வரக்கூடிய ஸ்டேஜில் ஒரு வினாடியின் விலை பத்துப் புள்ளி. ஒரு தோட்டா ஏயிலிருந்து பக்கத்துப் பகுதிக்குத் தள்ளிப்போனால் இரண்டு புள்ளி நஷ்டம், அதாவது 0.2 வினாடி. அதற்கு மேல் நேரம் செலவழித்துக் குறியைத் திருத்துவது வீண். நீண்ட தூரமும் பாதி மறைந்த இலக்குகளுமாக, ஹிட் ஃபேக்டர் 4க்கு மேல் எழாத ஸ்டேஜில் அதே இரண்டு புள்ளியின் விலை அரை வினாடி. அங்கே பொறுத்துப் பார்த்துச் சுடுபவருக்குத்தான் லாபம். எவ்வளவு வேகம் போதும் என்பதை ஸ்டேஜே சொல்கிறது. தேர்ந்தவருக்கு அது காதில் விழுகிறது. 1999இல் பிலிப்பைன்ஸின் செபூவில் முதல்முறை உலகப் பட்டம் வென்ற பிரெஞ்சுக்காரர் எரிக் கிராஃபெலைக் காணொளியில் பார்த்தால், அவர் எங்குமே விரைவது போலத் தோன்றாது. ஒரு ஜன்னலுக்குப் போய்ச் சேரும் முன்பே துப்பாக்கி உயர்ந்திருக்கும். கடைசித் தோட்டா வெளியேறும்போது கால் அடுத்த இடத்துக்குக் கிளம்பியிருக்கும். மற்றவர்கள் நேரத்தைச் சேமிக்கப் பார்ப்பது சுடுவதில்; அவர் சேமிப்பது சுடாத இடங்களில்.

வலு என்ற சொல்லுக்கும் கணக்கு உண்டு. குண்டின் எடையைக் கிரெயினிலும் வேகத்தை வினாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி, ஆயிரத்தால் வகுப்பார்கள். 125ஐத் தொட்டால் மைனர். துப்பாக்கி வகைக்கேற்ற பிரிவுகளில், ஸ்டாண்டர்டில் 170ஐ, ஓப்பனில் 160ஐத் தொட்டால் மேஜர். சாதாரண 9 மி.மீ. தோட்டாவில் 124 கிரெயின் குண்டு 1,010 அடி வேகத்தில் போனால் மைனரைத் தாண்டிவிடும். மேஜருக்கு உள்ள சலுகை, நடுவை விட்டு விலகிய தோட்டாவுக்கு ஒரு புள்ளி கூடுதல். அதன் விலை, கையை உதைக்கும் எதிர்விசை. சொன்ன வலு உண்மையா என்று போட்டியிலேயே சோதிப்பார்கள். போட்டியாளரிடமிருந்து எடுத்த தோட்டாக்களில் ஒன்றைப் பிரித்துக் குண்டை எடை போட்டு, மற்றவற்றை அவருடைய துப்பாக்கியிலேயே சுட்டு வேகத்தை அளப்பார்கள். மேஜர் என்று சொல்லி எட்டாதவருக்கு மைனர் புள்ளிதான். மைனரும் எட்டாதவர் சுடலாம், புள்ளி கிடையாது.

இந்த எண்களே துப்பாக்கிகளின் உருவத்தைச் செதுக்கின. மேஜர் தோட்டாவில் வாயு அதிகம். அந்த வாயுவைக் குழல் முனையில் மேல்நோக்கித் திருப்பிவிட்டால் முனை எழும்பாது என்று கண்டார்கள், காம்பென்சேட்டர் வந்தது. பிறகு ரெட் டாட் என்ற ஒளிக்குறி. 1990இல் அடிலெய்டில் டக் கோனிக் அந்தச் சிவப்புப் புள்ளியோடு உலகப் பட்டம் வென்றபோது பழைய இரும்புக் குறிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். பிரிவுகளைப் பிரிக்காமல் தீரவில்லை. இன்று ஓப்பன் பிரிவில் ஏறக்குறைய எதுவும் செல்லும். ஸ்டாண்டர்ட் பிரிவில் துப்பாக்கி 225 மி.மீ. நீளம், 150 உயரம், 45 ஆழமுள்ள ஒரு பெட்டிக்குள் அடங்க வேண்டும். புரொடக்‌ஷன் பிரிவில் தொழிற்சாலைத் துப்பாக்கி; மேகசினில் தொடக்கத்தில் 15 தோட்டாதான். எனக்கு மனசு ஒட்டுவது இந்தக் கடைசிப் பிரிவில். 15 என்ற கஞ்சத்தனம், மேகசினை எங்கே மாற்றுவது என்பதை ஒரு புதிராக்கிவிடுகிறது. ஓப்பன் துப்பாக்கி அழகான இயந்திரம், சந்தேகமில்லை. ஆனால் அங்கே பாதிக் கைதட்டல் கம்மியருக்குப் போக வேண்டும்.

கூப்பருக்கே இந்தப் போக்கு பிடிக்கவில்லை. தற்காப்புக்கான பயிற்சியை வெறும் விளையாட்டாக்கிவிட்டார்கள் என்று பின்னாளில் மனம் கசந்தார். அவர் வருத்தம் புரிகிறது. ஆனால் விளையாட்டானது நல்லதே என்பேன். இன்றைய விதிகள், காவல் துறையிலோ ராணுவத்திலோ இல்லாதவர்கள் ராணுவ உடையில் வருவதை ஊக்குவிப்பதில்லை. கிளாசிக் என்ற அட்டை இலக்குக்குத் தலை கிடையாது. அது பல முனை கொண்ட ஒரு பழுப்பு வடிவம், அவ்வளவே. மிச்சமிருப்பது கையும் கண்ணும் காலும்.

கூப்பர் விட்டுச் சென்றதில் பழசாகாத ஒன்று, பாதுகாப்பு. பார்வைக்கு வேலியாகத் தெரியும் அந்த விதிகளிலிருந்துதான் இந்தக் கலையின் நடையே பிறக்கிறது. தோட்டாக்களை வாங்கும் மண்மேட்டை நோக்கி நேராக ஒரு கோடு போட்டால், குழல் முனை அதிலிருந்து 90 பாகைக்கு மேல் எந்தப் பக்கமும் திரும்பக் கூடாது. திரும்பினால் அன்றோடு போட்டி முடிந்தது. எச்சரிக்கை, மன்னிப்பு எதுவும் கிடையாது. வலது கைக்காரர் இடப்பக்கமாக ஓடிக்கொண்டே மேகசின் மாற்றுவதைப் பாருங்கள். உடம்பு இடப்பக்கம் பார்க்கிறது. துப்பாக்கியும் இயல்பாக அந்தப் பக்கமே சாயப் பார்க்கும். தேர்ந்தவர் ஓட்டத்தை இடுப்புக்குக் கீழே வைத்துக்கொண்டு, தோளை மண்மேட்டின் பக்கம் திருப்பி, முனையை அங்கேயே நிறுத்தி, வேலையை மார்புக்கு முன்னால் முடித்துவிடுவார். கல்பனாஸ்வரத்தில் எங்கெங்கோ சுற்றிவிட்டு எடுப்பில் வந்து நிற்கும் பாடகரைக் கேட்பது போன்ற நிம்மதி அது. புதியவர்கள் அதிகம் வெளியேற்றப்படுவதும் இதே இடத்தில்தான்.

மற்ற விதிகளும் இதே கறார். ரேஞ்ச் ஆபீசர் சொல்லும் வரை யார் துப்பாக்கியிலும் தோட்டா இருக்காது. துப்பாக்கியை வெளியே எடுத்துத் துடைக்க, உருவிப் பார்க்கத் தனி இடம் உண்டு. அங்கே தோட்டாவைத் தொடவே கூடாது, பயிற்சிக்கான போலித் தோட்டாவைக்கூட. சுடும் நேரம் அல்லாதபோது காலித் துப்பாக்கி தவறிக் கீழே விழுந்தால் அது குற்றமில்லை. பதறிக் குனிந்து தானே எடுத்தால்தான் வெளியேற்றம்; எடுத்துத் தருவது ரேஞ்ச் ஆபீசரின் வேலை. விழுந்ததைப் பிடிக்கப் போகும் கைதான் விசையில் மாட்டிக்கொள்ளும் என்பதை அறிந்த யாரோ எழுதிய விதி! சுடுபவரின் காதுக்கவசம் நழுவியதை ரேஞ்ச் ஆபீசர் பார்த்துவிட்டால், ஓட்டத்தை நிறுத்தி மறுபடி சுட வைப்பார். சாய்கிற இரும்புத் தகடு ஏழு மீட்டருக்கு உள்ளே இருக்கக் கூடாது, சிதறும் ஈயத்துக்குப் பயந்து.

இத்தனையும் கைக்கு வருவது பெரும்பாலும் தோட்டா இல்லாமல்தான். வீட்டுச் சுவரில் சின்ன அட்டையை ஒட்டி, காலித் துப்பாக்கியை ஆயிரக்கணக்கான தடவை உருவி, உயர்த்தி, மேகசின் மாற்றிப் பழகுவார்கள். சாதாரணக் குடிமக்கள் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாத ஜப்பானிலிருந்து தத்சுயா சகாய் என்றொருவர் வந்தார். பிளாஸ்டிக் மணி சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கியிலேயே பெரும்பாலும் பழகியவர். 2004இல் கலிபோர்னியாவில், இந்த விளையாட்டின் பங்காளியான ஸ்டீல் சேலஞ்ச் போட்டியில், அமெரிக்கர்களின் சொந்த மண்ணில் உலகப் பட்டத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.