சோழியும் செங்கல்லும்: 'தொன்மை அறிவியல்' ஆராய்ச்சிகளை முன்வைத்து

தரம்பாலின் பதினெட்டாம் நூற்றாண்டு இந்திய அறிவியல், தொழில்நுட்பம் பற்றிய தொகுப்பு 1971இல் வந்தது. பள்ளிக்கூடங்கள் பற்றிய 'அழகிய மரம்' 1983இல். வானவியல், கணிதம், அம்மை குத்துதல், இரும்பு உருக்குதல், சுண்ணாம்புக் காரை, கல்வி என்று வெள்ளைக்காரன் தன் கைப்பட எழுதிவைத்த சாட்சியங்களையே எடுத்து, 'இங்கே ஒன்றும் இருக்கவில்லை என்றீர்களே, இது என்ன?' என்று அவன் முன்னாலேயே விரித்துக் காட்டிய வேலை அது. காலனியச் சொல்லாடலுக்கு எதிராக அந்தக் கேள்விக்கு ஒரு வலு இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் 2020இல் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் 'இந்திய அறிவு மரபு'க்கென்று ஒரு பிரிவு தொடங்கப்பட்டு, 2023இல் பட்டப்படிப்பு மதிப்பெண் அலகில் ஐந்து சதவீதமாவது இதற்கு ஒதுங்கட்டும் என்று யூஜிசி வழிகாட்டுதல் தந்தபிறகு, அதே சாட்சியங்கள் வேறு ஆளுக்குச் சாட்சி சொல்லப் போயிருக்கின்றன.

இதற்கு நம்ம தோழர்கள் வைத்திருக்கிற பதில் சிரிப்பு. 2014இல் பிரதமர் பிள்ளையார் தலையை முன்வைத்து அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசினார், நாம் சிரித்தோம். சிரிக்கவேண்டிய விஷயம்தான். ஆனால் சிரித்துவிட்டுப் போய்விடுவதால் ஆவணங்களைப் படிக்கிற வேலை முழுக்க அவர்கள் கைக்குப் போய்விட்டது. அவற்றை எடுத்துப் படித்தால் அவர்களுக்கே தலைவலி கொடுக்கிற சரக்கு அதில் நிறைய இருக்கிறது என்பதுதான் என் கட்சி.

மூக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1794இல் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசினில் ஒரு செய்தி வந்தது. கவாஸ்ஜி என்பவர் ஆங்கிலப் படையில் மாடோட்டி. திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தவர். புனே பக்கத்தில் ஒருவர் நெற்றித் தோலை எடுத்துத் திருப்பி அவருக்கு மூக்கு வைத்துவிடுகிறார். இதைப் படித்துப் பழகித்தான் 1814இல் கார்ப்யூ என்ற மருத்துவர் லண்டனில் அதே சிகிச்சையைச் செய்தார். சரி, புனேயில் செய்தவர் யார்? செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்தவர் என்று செய்தியிலேயே இருக்கிறது. வைத்தியரும் இல்லை, பண்டிதரும் இல்லை. நமது பாடநூல்களில் அவர் எங்கே போனார்? அந்த இடத்தில் சுஸ்ருதர் உட்கார்ந்திருக்கிறார். சுஸ்ருத சம்ஹிதை சொல்வதோ கன்னத்துத் தோல். மண் குழைத்த கை செய்ததோ நெற்றித் தோல். இரண்டுக்கும் நடுவே உள்ள ஆயிரத்துச் சொச்சம் வருஷத்தையும் இந்த வித்தியாசத்தையும் ஒரே தாவலில் தாண்டி, செங்கல்காரரின் வேலை சமஸ்கிருதப் பிரதியின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. இதற்குப் பெயர் அறிவு மரபு மீட்பு!

வானவியலுக்கு வருவோம். இது நம் ஊர்க் கதை, கொஞ்சம் நின்று பார்க்கலாம். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் 'கால சங்கலிதம்' என்ற பெரிய நூலை 1825இல் வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கிற ஒரு தமிழரை அவர் உட்காரவைத்து, அந்த வருஷம் மே 31, ஜூன் 1 இரவில் வரும் சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொல்கிறார். அவர் எழுதவில்லை. தரையில் சோழியைப் பரப்புகிறார், எடுக்கிறார், நகர்த்துகிறார். அட்டவணைகள் எல்லாம் வாக்கியங்களாக மனசில் இருக்கின்றன. எழுத்துக்கு எண் என்று கட்டிய சொற்கள் அவை. நம் வீடுகளில் தொங்குகிற வாக்கியப் பஞ்சாங்கத்தின் வாக்கியம் இதுதான். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகியது.

இதே புதுச்சேரியில் அதற்கு அரை நூற்றாண்டு முன்னால், வெள்ளியின் இடைநகர்வைப் பார்க்க வந்த பிரெஞ்சுக்காரர் லெ ஜான்டீல் இன்னொரு கணக்கைப் பதிந்திருக்கிறார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதில் தமிழர் கணக்கு 41 விநாடி குறைவு. ஐரோப்பாவின் பேர்பெற்ற மேயர் அட்டவணையோ 68 விநாடி அதிகம். தொன்மைப் பெருமைக்காரர்களின் வாயில் இந்த 41 விநாடி எப்போதும் இருக்கும். 52 நிமிடத்தை அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. வாரனின் கணியரை உலக ஆய்வுக்குக் கொண்டுபோனவர் கணித வரலாற்றாசிரியர் நாய்கபவர், 1952இல். துல்லியத்தில் அவருக்கு அக்கறையில்லை. சந்திரனுக்கு 248 நாள் என்கிற சுழற்சியைப் பிடித்துக்கொண்டு வராகமிகிரர் வழியாக, ரோமப் பேரரசின் வழியாக, பாபிலோனியக் களிமண் பலகை வரை போய்விடுகிறார். அபாரமான வேலை, மறுக்கவில்லை. ஆனால் கவனியுங்கள். அவருக்குப் புதுச்சேரிக்காரர் ஒரு புதைபடிவம். பெருமைக்காரருக்கோ அவர் ஒரு பதக்கம். கணியருக்குக் கோட்பாடு ஒரு வார்த்தையும் தெரியாது என்று வாரன் எழுதியதை இரண்டு பேருமே தாண்டிப் போகிறார்கள். கோட்பாடு தெரியாமல் செய்கிறவர் செய்வது அறிவா இல்லையா? சோழியை எங்கே வைத்தோம், எத்தனை எடுத்தோம் என்று பிசகாமல் நினைவில் வைத்திருக்கும் ஒழுங்கை என்னவென்று சொல்வது? பிரதியை முதலிலும் கையைக் கடைசியிலும் வைக்கிற பழக்கம் கீழைத்தேயவாதிக்கும் தேசியவாதிக்கும் பொது.

அடுத்தது பள்ளிக்கூடம். 1822இல் சென்னை மாகாண ஆளுநர் மன்றோ கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். 1826 குறிப்பில் தொகுத்தார். 12,498 பள்ளிகள், 1,88,650 பேர் படித்தார்கள், மக்கள்தொகை 1,28,50,941. தரம்பால் இதை எடுத்து, தமிழ்ப் பகுதிகளில் சூத்திரரும் இதர சாதியாரும் சேலத்திலும் திருநெல்வேலியிலும் எழுபது சதவீதம், தென்னார்க்காட்டில் எண்பத்துநாலுக்கும் மேல் என்று காட்டுகிறார். பார்ப்பனர் மட்டுமே படித்தார்கள் என்ற பொதுப்புத்தியை இது உடைத்தது, நன்றி. ஆனால் கலெக்டர்களின் படிவத்தில் 'சூத்திரர்' ஒரு கட்டம், 'இதர சாதியார்' தனிக் கட்டம். கூட்டியது தரம்பால். ஏன் கூட்ட வேண்டும்? நிலமும் கடையும் வைத்திருந்த சாதிகளின் பிள்ளைகளும் சேரியின் பிள்ளைகளும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தார்கள் என்ற பிம்பம் இந்தக் கூட்டல் குறியில்தான் பிறக்கிறது. 'இதர'வுக்குள் யார் யார் என்று அந்தக் கட்டம் வாயைத் திறப்பதே இல்லை. பெண்கள் 4,540. நூற்றுக்கு இரண்டரைகூடத் தேறாது. அதிலும் படிப்பு ஆடல் மகளிருக்கே உரியது என்கிற எண்ணம் நிலவியதை மன்றோவே குறிப்பிடுகிறார். அழகான மரம்தான். நிழல் யாருக்கு விழுந்தது?

பழமையைத் தூக்கிப்போடு என்று நான் சொல்வதாக யாரும் கிளம்பிவிடக் கூடாது. திண்ணையில் முந்திரியும் காணியும் மாவும் மனப்பாடம் செய்த பிள்ளை, முந்நூற்றிருபதில் ஒரு பங்கை மனசிலேயே பெருக்குகிற பிள்ளை, கிளிப்பிள்ளை இல்லை. செந்தில் பாபு 2022இல் வெளியிட்ட, தென்னிந்தியாவின் எண்ணும் அளவும் பற்றிய நூல் எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். எண்சுவடியையும் கணக்கதிகாரத்தையும் அவர் களத்திலிருந்தும் வயலிலிருந்தும் பிரிக்காமல் படிக்கிறார். நெல்லை மரக்காலில் அளக்கிறவன் ஒருவன், ஓலையில் ஏற்றுகிறவன் இன்னொருவன். கோலைப் பிடித்து வரப்பில் நடக்கிறவன் ஒருவன், பரப்பைச் சொல்கிறவன் இன்னொருவன். கணக்கு இந்த இருவருக்கும் நடுவே நடக்கிறது; அதிகாரமோ ஒருவன் பக்கம். எழும்பூர் ஆண்கள் அனாதை விடுதியில், மணலில் விரலால் எழுதுவதையும் பிள்ளைக்குப் பிள்ளையே பாடம் சொல்வதையும் இங்கிருந்து கற்றுப் புகுத்திய ஆண்ட்ரூ பெல், 1797இல் அதை லண்டனில் புத்தகமாக்கினார். இங்கிலாந்தில் அது 'மதராஸ் முறை' ஆயிற்று. அங்கே ஏழைப் பிள்ளைகளை மலிவாகப் படிக்கவைக்கும் இயந்திரமும் ஆயிற்று. திண்ணையில் பிரம்போடு நின்ற சட்டாம்பிள்ளையை நினைத்துக்கொண்டால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம் மரபு மேற்கே போய் ஜெயித்தது என்று இதைப் பாடுகிறவர்கள், போனது எது என்று பார்ப்பதில்லை.

பல்கலைக்கழகத்தில் இருக்கிற நண்பர்கள் சிலர், இந்த ஐந்து சதவீதப் பாடத்தைப் புறக்கணிப்போம் என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. எடுத்து நடத்துங்கள். கலெக்டர்களின் பதில்களை மாவட்டம் மாவட்டமாக, கூட்டாமல், கட்டம் கட்டமாக வகுப்பில் படியுங்கள். கவாஸ்ஜியின் மூக்கைப் பற்றிய பாடத்தில் செங்கல் சூளையும் வரட்டும்.

தரம்பால் தொகுப்பிலேயே ஒரு கட்டுரை இருக்கிறது. 1732இல் ராயல் சொசைட்டி இதழில் வந்தது, மதராஸ் காரை செய்யும் முறை பற்றி. எழுதியவர் ஐசக் பைக், செயின்ட் ஹெலனாத் தீவின் ஆளுநர். சுண்ணாம்பு, மணல், வெல்லம், பயறு, கடுக்காய் என்று அளவோடு வருகிறது. மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் தயிரும். பொறியியல் கருத்தரங்குகளில் இந்தக் கலவையின் வேதியியல் பற்றிக் கட்டுரை வாசிக்கலாம், வாசிக்கட்டும். கடுக்காயை ஊறவைத்து, சுண்ணாம்பில் கை வெந்து, உலக்கையோ கட்டையோ கொண்டு நாள் முழுக்க இடித்துக் குழைத்த ஆளுக்கு, பதம் வந்துவிட்டது என்று எதை வைத்துத் தெரிந்தது? கண்ணாலா, கட்டை ஒட்டுகிற விதத்தாலா, சத்தத்தாலா? அதைக் கேட்டு எழுத இன்னும் சில கொத்தனார்களும் சித்தாள்களும் பழைய கோயில், பங்களா மராமத்து வேலைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தினக்கூலி.