ஒத்திகை காணாத மேடை

மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் திருவிழா என்றால் இன்றும் ஸ்பெஷல் நாடகம் வைப்பது வழக்கம். நோட்டீசில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என ஒவ்வொருவர் பெயரும் அவரவர் ஊரோடும் படத்தோடும் அச்சாகியிருக்கும். இவர்கள் ஒரே கம்பெனிக்காரர்கள் அல்லர். நடிகர் சங்கம் வழியாகவோ ஏஜென்ட் வழியாகவோ தனித்தனியே பேசி அழைக்கப்பட்டு, இரவு பத்து மணி வாக்கில் மேடை ஏறி, விடிந்ததும் ஆளுக்கொரு பஸ் பிடித்துப் போய்விடுவார்கள். ஒத்திகை கிடையாது. இந்தக் கலையின் பலமும் குறையும் அங்கேதான் தொடங்குகின்றன.

ஒத்திகை இல்லாமலே நாடகத்தை நடத்திக்காட்டுவது நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் விட்டுச்சென்ற பாடம். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கி, சிறுவர்களை உட்காரவைத்து வரிவரியாகப் பயிற்றுவித்தவர் அவர். அந்தப் பாட்டும் வசனமும் நெஞ்சில் இருப்பதால்தான் முன்பின் பார்த்திராத இருவர் வள்ளியாகவும் வேலனாகவும் நேருக்கு நேர் நிற்க முடிகிறது.

‘வள்ளி திருமண’த்தின் தர்க்கத்தை ஒருமுறை உன்னிப்பாகக் கேளுங்கள். தினைப்புனத்துக்கு வந்த நாரதர் ஒரு கேள்வியை வீசுகிறார். அது எங்கே போய் முடியும் என்று வள்ளி நடிக்கும் பெண்ணுக்கே தெரியாது. பாடத்தில் உள்ள பதிலையும் சொல்லலாம், அந்த நொடியில் தோன்றியதையும் சொல்லலாம். அவர் வாய் திறப்பதற்குள் ஆர்மோனியக்காரர் நாரதரின் கடைசி அடியைப் பின்பாட்டாக வாங்கிப் பாடி, அவருக்கு யோசிக்க நேரம் தருகிறார். பிறகு அவருடைய கட்டைக்குச் சுருதியை மாற்றிக் கொடுக்கிறார். பதில் சரியாக விழுந்தால் கூட்டம் ஆரவாரிக்கிறது. பத்து நாள் ஒத்திகை பார்த்த நாடகத்தில் இந்தச் சூடு வராது.

இந்த நெகிழ்ச்சி வரலாற்றிலும் பெரிய காரியம் செய்திருக்கிறது. தியாகி விசுவநாத தாஸ் புனத்தில் பறவை விரட்டும் காட்சியையே வெள்ளை ஆட்சியை விரட்டும் பாட்டுக்கு இடமாக்கினார். அதற்காகச் சிறையும் சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் துறந்தார்.

ஆனால் அதே நெகிழ்ச்சி இன்று கதையைத் தின்கிறது. பபூன் காமிக்கும், பபூனும் டான்ஸ்காரப் பெண்ணும் சேர்ந்து ஆடுவதும் நள்ளிரவைத் தாண்டுகின்றன. நடுநடுவே அன்பளிப்புக் கொடுத்தவர்களின் பெயர்களை மைக்கில் வாசிக்கிறார்கள். வள்ளி பரண் ஏறும்போது பாதிக் கூட்டம் தூங்கிவிடுகிறது. விருத்தனும் யானையும் கல்யாணமும் விடியற்காலை அவசரத்தில் ஓடி முடிகின்றன. தர்க்கமும் பல மேடைகளில் யார் யாரை மடக்கினார் என்ற போட்டியாகச் சுருங்கி, வள்ளி எதற்காகப் பேசுகிறாள் என்பதே மறந்துபோகிறது. இயக்குநர் இல்லாத மேடையில் ‘போதும்’ என்று சொல்ல ஆள் இல்லை.

இதைவிட என்னை வருத்துவது டான்ஸ் ஆடும் பெண் படும் பாடு. இரட்டை அர்த்தப் பேச்சு எந்த எல்லைவரை போகலாம் என்று முன்கூட்டிப் பேசிவைக்காததால், பபூன் எதைச் சொன்னாலும் அவர் சிரித்துச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. அதைக் கைதட்டி ரசித்த ஊரே மறுநாள் அவரைக் குறைவாகப் பேசுகிறது. கலையின் சுதந்திரம் என்று இதற்குப் பெயர் வைக்க நான் ஒப்பமாட்டேன்.

ஒத்திகையைக் கட்டாயமாக்கினால் குறை தீரும் என்று சிலர் சொல்கிறார்கள். தர்க்கத்தின் உயிர் அதோடு போய்விடும். பாடம் முழுதாகத் தெரிந்தவருக்குத்தான் அதை மீறவும் தெரியும். இளைய நடிகர்கள் பலரும் இன்று அரைகுறைப் பாடத்தோடு மேடை ஏறுகிறார்கள்; மூத்தவர்களிடம் அவர்களைச் சங்கங்கள் உட்காரவைக்க வேண்டும்.

விழாக் கமிட்டியார் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அட்வான்ஸ் கொடுக்கும்போதே, காமிக் ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டும், ஆபாசப் பேச்சு கூடாது, வள்ளியின் கல்யாணம்வரை கதை முழுதாக நடக்க வேண்டும் என்று பேசிவிடுங்கள். பணம் கொடுப்பவர்கள் நீங்கள். நீங்கள் கேட்டால் நடக்கும்.